மூக்கடைப்பும் மண்வாசனையும்

மெல்லினம் ஆறுக்கும் மூக்கின் காற்று வேண்டும் என்கிறது தொல்காப்பியம். எனக்கு அந்தக் காற்று பத்து வருஷங்களாகச் சரியாகக் கிடைப்பதில்லை. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து 'நாலாயிரம்' என்றால் எதிரில் நிற்பவர் காதில் 'தாலாயிரம்' என்று விழுகிறது. 'அம்மா' கிட்டத்தட்ட 'அப்பா'வாகிவிடும். சளியா என்று கேட்பார்கள். சளி என்றால் ஒரு வாரத்தில் போய்விடுமே. ஊரில் பீனிசம் என்கிறார்கள். டாக்டர் சீட்டில் எழுதியது அலர்ஜிக் ரைனிட்டிஸ். காலையில் எழுந்ததும் தொடர்ச்சியாக எட்டுப் பத்துத் தும்மல், கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு, பகலெல்லாம் அடைப்பு, இரவில் வாயைத் திறந்துகொண்டு தூக்கம்.

ஒரு இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். நான் விமர்சனம் எழுதுகிறவன் என்பதால் இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2020இல் ஊரே அடங்கிக் கிடந்தபோதும் வங்கி திறந்திருந்தது. முகக்கவசத்துக்குள் மூன்று முறை தும்மினேன். வரிசை இரண்டடி பின்வாங்கியது. திருக்குறளில் தலைவன் தும்மினால் வாழ்த்தவும், பிறகு யார் நினைத்துத் தும்மினாய் என்று அழவும் ஒருத்தி இருக்கிறாள். எனக்கு வாய்த்தது சானிடைசர். அடுத்த வருஷம் பக்கத்து ஸீட் நண்பருக்குக் கொரோனா வந்து வாசனை போயிற்று. திரும்பி வந்தவர், "காபி வெந்நீர் மாதிரி இருந்தது சார், பயந்துட்டேன்" என்றார். ஆறுதல் சொல்ல வாயெடுத்தபோதுதான், காபியின் வாசனை என்னவென்று நானே யோசித்தேன். ஞாபகத்தில் 'காபி வாசனை' என்ற சொல் இருந்தது, வாசனை இல்லை. அவர் பதினைந்து நாளில் கவனித்துப் பதறியதை நான் பல வருஷங்களாகக் கவனிக்கவே இல்லை.

அன்றிரவு, எழுதிய மதிப்புரைகளை எடுத்துப் பார்த்தேன். ஏழு கட்டுரைகளில் ஒன்பது இடங்களில் 'மண்வாசனை' இருந்தது. பெரும்பாலும் பாராட்டு. ஒரு இடத்தில் தண்டனை. ஒரு இளம் கவிஞரின் முதல் தொகுப்பை, மண்வாசனை சற்றும் இல்லாத நகரத்துச் செயற்கை என்று ஒரே பாராவில் ஒதுக்கியிருந்தேன். அதில் பினாயில் வீசும் ஆஸ்பத்திரி நடைகூடத்தைப் பற்றி ஒரு கவிதை உண்டு. செயற்கைக்கு உதாரணமாக நான் எடுத்துக்காட்டியது அதைத்தான்.

மண்வாசனை என்று நாம் சொல்வதும் மண்ணுடைய வாசனை அல்ல. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைஸிஸ் முதலான பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் அதில் பெரும் பங்கு. காற்றில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்குக்குப் பிடிபட்டுவிடுமாம். முதல் மழையின் இந்த மணத்துக்கு 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். நம் மதிப்புரைகளில் அது எப்போது நுழைந்தது என்று யாராவது ஆராயலாம். நான் அதை மோந்து பார்த்து எழுதவில்லை. முன்னால் எழுதியவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

மூக்கின் பக்கச் சுவரில் சுருண்ட மேடுகள் இருக்கின்றன. டர்பினேட் என்று பெயர். அவற்றின் தோலுக்கடியில் ரத்தம் நிறைந்து வீங்கும், வடியும். எல்லோருக்குமே சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் வடிவதுண்டு. சரம் பார்க்கிறவர்கள் இடகலை, பிங்கலை என்பார்கள். அலர்ஜியில் இரண்டு பக்கமும் சேர்ந்து வீங்கிக்கொள்ளும். வாசனையை உணரும் இடம் உச்சியில், மிகச் சிறியது. அதுவரை காற்று ஏறுவதில்லை. காரணம் பெரும்பாலும் தலையணையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள், அவற்றின் கழிவு. அது யாருக்கும் தீங்கு செய்யாது. உடம்பு அதைப் பகையென்று எடுத்துக்கொண்டு படை திரட்டுகிறது. அலர்ஜி என்ற சொல்லை 1906இல் உண்டாக்கிய வியன்னா டாக்டர் பிர்கே, மாறிப்போன எதிர்வினை என்ற பொருளில்தான் அதை அமைத்தார். இந்த இடத்தில் தமிழ் விமர்சனத்தை உவமையாக்க ஆசை வருகிறது. அடக்கிக்கொள்கிறேன்.

ஆனால் சொட்டு மருந்தைச் சொல்லாமல் விட முடியாது. ஸைலோமெட்டஸோலின். இரண்டு சொட்டு விட்டால் ஐந்து நிமிஷத்தில் உலகம் திறக்கும். நாலைந்து நாளுக்கு மேல் கூடாது என்று பெட்டியிலேயே இருந்திருக்கலாம். நான் நாலு வருஷம் போட்டேன். சுருக்கிய ரத்தக் குழாய்கள் மருந்தின் வேகம் தணிந்ததும் முன்னிலும் அதிகமாக விரிகின்றன. அடைப்புக்கு மருந்து, மருந்தால் அடைப்பு. சட்டைப் பையில் ஒன்று, மேஜை டிராயரில் ஒன்று, தலைமாட்டில் ஒன்று. வெளியூர்க் கூட்டத்துக்குப் போய் பாட்டிலை மறந்துவிட்ட ஒரு இரவு முழுக்க லாட்ஜ் படியில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு வாங்கவில்லை, பயம்தான்.

தஞ்சாவூரில் பார்த்த டாக்டர், டர்பினேட்டைக் குறைக்க ஆபரேஷன் உண்டு, முதலில் இதை நிறுத்து என்றார். நிறுத்திய இரண்டு வாரத்தை விவரிக்க விரும்பவில்லை. தினமும் ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரே, நடுத்தண்டைப் பார்த்து அடிக்காமல் வெளிப்பக்கமாக. உப்பு நீரில் கழுவுவது. வாரம் ஒரு முறை தலையணை உறைகளைச் சுடுதண்ணீரில் போடுவது. இந்த மருந்து உடனே வேலை செய்வதில்லை. ஆறாவது வாரம், கிளைக் கழிப்பறைக் கதவைத் திறந்தபோது ஏதோ ஒன்று மூக்கின் உச்சியில் குத்தியது. சில வினாடிகள் பெயர் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பினாயில்.

கதவைப் பிடித்தபடி நின்றேன். வீட்டுக்குப் போய் அந்தக் கவிதையை மறுபடி படித்தேன். மகத்தான கவிதை அல்ல. கடைசிப் பகுதியில் கொஞ்சம் நீர்த்துவிடுகிறது. ஆனால் செயற்கை இல்லை. அவர் மோந்ததை எழுதியிருக்கிறார். கவிஞருக்கு ஒரு கார்டு போட்டேன், பாராவைத் திரும்பப் பெறுவதாக. பதில் இல்லை. அவர் இப்போது எழுதுவதில்லை என்று ஒரு நண்பர் சொன்னார். என்னால் என்று நினைத்துக்கொள்வது அகங்காரம். இல்லை என்று நினைத்துக்கொள்வது சௌகரியம்.

வாசனை நிலையாக இல்லை. பனிக்காலத்தில் போகிறது, ஒரு நாள் வருகிறது, மறுபடி போகிறது. போன வாரம் கோடை மழை. எனக்கு இரண்டு பக்கமும் அடைப்பு. ஜன்னலருகில் நின்ற மனைவியிடம், மண்வாசனை வருகிறதா என்று கேட்டேன்.

அவள் சற்று நேரம் மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"மண்ணெல்லாம் எங்கே இருக்கு, தெரு பூரா சிமெண்ட். சாக்கடைதான் நாறுது" என்றாள்.