தானா ராத்தாவில் ஒரு பழைய தோழன்

கேமரன் மலைக்குப் போயிருக்கிறீர்களா, வாசகர்களே? தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி ரிங்லெட்டைக் கடந்ததும், காய்கறிக் கூடைகளைச் சுமந்து முனகும் பழைய லேண்ட் ரோவர்களைக் காண்பீர்கள். சென்ற பள்ளி விடுமுறையில் தானா ராத்தாவில் அப்படி ஒன்று விற்பனைக்கு நின்றது. புதுப் பச்சைச் சாயம், அகல டயர், தோல் இருக்கை, பாட்டுப் பெட்டி வேறு!

சிறு வயதில் கடுங்காய்ச்சலில் கிடந்த என்னை, ஒரு மழை இரவில் தோட்டத்து லயத்திலிருந்து மருத்துவமனைக்கு இறக்கியது இப்படியொரு வண்டிதான். முட்டைக்கோசுக் கூடைகளுக்கு நடுவே அம்மாவின் மடியில் கிடந்தேன்.

1948இல் இவ்வண்டி அறிமுகமானபோது, இங்கிலாந்தில் போருக்குப் பிந்திய எஃகுத் தட்டுப்பாடு. ஆகவே மேல்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். மலைமழையிலும் அவை துருவேறா. அடிச்சட்டமோ எஃகு. வாங்க நினைப்பவர்கள் சாயத்தில் மயங்காமல், குனிந்து அடியைப் பாருங்கள். நானும் குனிந்தேன்.

"வாங்கப் போறீங்களா சார்?" என்றார் விற்பவர். அவர் சொன்ன விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாதது. பின்புறம் விரித்திருந்த கம்பளத்தின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். கூடைகள் உராய்ந்த கீறல்கள் அப்படியே இருந்தன.