வாசலுக்கு வெளியே ஒரு மாதா

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், கேவலார் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த ஊர் முழுக்கத் தமிழ்தான் கேட்கும். ஜெர்மனியிலிருந்தும் அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் மாதாவைப் பார்க்க வந்துவிடுவார்கள். பெரும்பாலானோர் ஈழத்தவர்கள். அவர்களில் கணிசமானவர்கள் சைவர்கள். ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாளின் தேருக்குப் போகிறவர்களே இங்கேயும் வருகிறார்கள். நெற்றியில் திருநீறு, கையில் மெழுகுதிரி. நீ யார், எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை.

விராலிமலைப் பக்கம் பிறந்து, பிழைப்புக்காக ரூர் பகுதிக்கு வந்து, இங்கேயே குடியாகிவிட்டவன் நான். இந்தக் கூட்டம் எனக்குப் புதிதில்லை. ஆனால் திருச்சபையில் பேர் எழுதிக்கொள்ளாதவர்கள் அதன் வழிபாட்டில் எப்படி ஆறுதல் பெறுகிறார்கள் என்ற கேள்வியை எனக்குள் எழுப்பியது கேவலார்தான்.

கேவலார் மாதா பெரிய சிலை அல்ல. உள்ளங்கை அகலமே உள்ள ஓர் அச்சுப் படம், செப்புத் தகட்டில் செதுக்கித் தாளில் ஒற்றி எடுத்தது. அது வந்த கதையும் போர்க்காலத்துக் கதைதான். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1641இன் கிறிஸ்துமஸ் சமயத்தில், ஹென்ட்ரிக் புஸ்மன் என்ற சிறு வியாபாரி வழியோரச் சிலுவை முன் செபித்தார். இந்த இடத்தில் எனக்கொரு சிற்றாலயம் கட்டு என்று ஒரு குரல் அவருக்குக் கேட்டதாகச் சொல்கிறார்கள். அவர் மனைவியிடம் அந்தப் படத்தை விற்கப் பார்த்தவர்கள் படைவீரர்கள். 1642 ஜூனில் படம் அங்கே வைக்கப்பட்டது. 1654இல் அதைச் சுற்றி ஆறு பக்கச் சிற்றாலயம் எழுந்தது. அதன் சுவரில் ஒரு திறப்பு உண்டு. உள்ளே காலெடுத்து வைக்காமலே, வெளியே நின்றபடி மாதாவைப் பார்த்துவிடலாம்.

அந்தத் திறப்பைப் பார்த்துவிட்டு மெழுகுதிரித் தட்டருகே வந்தபோது, குங்குமம் வைத்த ஓர் அம்மா பக்கத்தில் நின்றார். நல்லூர்ப் பக்கத்துக்காரர். தம் திரியைக் கொளுத்தி நட்டுவிட்டு, காற்றில் அணைந்துபோயிருந்த வேறு யாருடைய திரியையோ எடுத்து, அதையும் கொளுத்தி வைத்தார். “அம்மா, நீங்க கோயிலுக்கும் போவீங்களா?” என்று கேட்டேன். “ஓம் தம்பி, கந்தனும் எங்கட, மாதாவும் எங்கட. மகன் போன பிறகு எனக்கு நித்திரை இல்லை. இங்க வந்து ஒரு திரி கொளுத்திப்போட்டுப் போனால் கொஞ்ச நாளைக்கு மூச்சு விடலாம்” என்றார். அவருடைய மகன் திரும்பி வரப்போவதில்லை. அது அவருக்குத் தெரியும். அவர் கேட்டது மூச்சு விடுவதற்கான இடம்.

இதையே நான் சிறுவயதில் ஆவூரில் பார்த்தேன். விராலிமலை வட்டத்தில் உள்ள ஆவூர், பழைய மதுரை மிஷனின் முக்கியமான தளங்களில் ஒன்று. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுச் சேசுசபைக் குரு பூஷே அங்கே மிஷனை நிறுவினார். இப்போதைய பெரியநாயகி மாதா கோயில் 1747இல் கட்டப்பட்டது. வீரமாமுனிவர் பணி செய்த இடமும் அதுதான். ஈஸ்டரை ஒட்டி அங்கே பாஸ்கா நடக்கும். அதைத் தொடர்ந்து சித்திரையில் தேர். சுற்றுவட்டாரத்து இந்துக்களும் முஸ்லிம்களும் வருவார்கள்.

பாஸ்கா என்பது ஊரே சேர்ந்து போடும் நாடகம். பகலில் வயல்வேலை செய்த கைதான் இரவில் சிலுவையைத் தூக்கும். பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள், மாதா அழும் கட்டம் வந்ததும் வாய்விட்டு அழுவார்கள். அந்த அழுகையில் பாதி மாதாவுக்கானது, மீதி அவரவர் வீட்டுச் சாவுக்கும் பிரிவுக்கும் கடனுக்கும் உரியது. வீட்டில் அழ இடமில்லாதவர்களுக்கு அது ஓர் இடம். மறைக்கல்வி படித்தவரா, ஞானஸ்நானம் பெற்றவரா என்று அங்கே யாரும் விசாரித்ததில்லை. தேர் வடம் எந்தக் கைக்கும் எட்டும் நீளத்தில் கிடந்தது.

இங்கே நிலைமை தலைகீழ். ஜெர்மனியில் திருச்சபை உறுப்பினர் என்றால் வருமான வரியோடு சேர்த்துத் திருச்சபை வரியும் பிடிப்பார்கள். வேண்டாம் என்றால் அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து விலகலாம். 2022இல் மட்டும் 5 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமான கத்தோலிக்கர்கள் அப்படி விலகினார்கள். விலகியவர்களுக்குத் துக்கமும் நோயும் தனிமையும் இல்லாமல் போய்விடவில்லை. அவற்றை எங்கே இறக்கி வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

இப்படிப்பட்டவர்களை நினைத்தே உருவானது ‘தோமா வழிபாடு’. 1988இல் ஹெல்சிங்கியின் அக்ரிகோலா ஆலயத்தில் தொடங்கி ஜெர்மனிக்கும் பரவியது. நம் பரங்கிமலையோடு சேர்த்துப் பேசப்படும் அதே தோமாதான். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றவர். இந்த வழிபாட்டின் நடுவே ஒரு நீண்ட இடைவெளி விடுகிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் மெழுகுதிரி ஏற்றலாம், இன்னொருவர் தன் வேண்டுதலைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போடலாம். எண்ணெய் பூசிக்கொள்ளலாம். எதுவும் செய்யாமல் சும்மாவும் இருக்கலாம். நான் போன மாலையில், எனக்கு முன்னால் நின்ற முதியவரின் நெற்றியிலும் இரண்டு உள்ளங்கைகளிலும் ஒரு பெண் எண்ணெய் தொட்டு வைத்தார். அவர் பேரைக் கேட்டார், நம்பிக்கையைப் பற்றிக் கேட்கவில்லை. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். பிறகு சீட்டுகளைப் பெயரில்லாமல் வாசித்தார்கள். யாரோ ஒருவரின் வலிக்காக முன்பின் தெரியாத ஒரு கூட்டம் மன்றாடியது.

ஆவூர், கேவலார், தோமா வழிபாடு ஆகிய மூன்றிலும் நான் காண்பது ஒன்றுதான். வருகிறவரின் கையில் முதலில் ஒரு வேலையைக் கொடுக்கிறார்கள். கொளுத்து, எழுது, இழு, அழு. கேள்வி பிறகு வரலாம், வராமலும் போகலாம். துக்கம் கைகால்களைக் கட்டிப்போட்டுவிடும். கைக்கு ஒரு செயல் கிடைத்தால் அந்தக் கட்டு கொஞ்சம் தளரும். இதைத்தான் நான் சுகம் என்கிறேன். மேடையில் ஒலிபெருக்கி பிடித்து, மாத்திரையைத் தூக்கி எறி என்று சொல்வதை அல்ல. புற்றுநோய்க்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். போய்விட்டு வந்த பிறகு வரும் இரவுகளுக்குத்தான் இந்தத் திரியும் எண்ணெயும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வெளியாருக்குத் திறந்த கதவு, உள்ளே இருப்பவருக்கு மூடிக்கிடந்த கதையும் நம்முடையதே. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. 2008இல் எறையூரில், கிறிஸ்தவர்களுக்குள்ளேயே எழுந்த சாதி மோதலில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். தலித் கிறிஸ்தவரின் தெருவுக்குள் போகாத தேர், ஆயிரம் இந்துக்கள் வடம் பிடித்தாலும் யாருக்கும் சுகம் தராது.

இங்கே ஜெர்மனியில் பங்குகளை இணைக்கிறார்கள், கோயில்களை மூடுகிறார்கள். மூடும் முன், வாரத்தில் ஒரு மாலை கதவைத் திறந்து வைத்து, திரியும் தாளும் எண்ணெயும், காது கொடுத்துக் கேட்க ஓர் ஆளும் வைத்துப் பார்க்கட்டும். நம் ஊர்ப் பங்குகள் தேரைத் தலித் தெரு வழியாகவும் விடட்டும். வருகிறவர்கள் உறுப்பினராக வேண்டும் என்பதற்காக இதைச் செய்ய வேண்டாம். வலியோடு வந்து நிற்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதே போதுமான காரணம்.