சுழல்தட்டும் வான்வழியும்

சிவகாசி அச்சகத்தில் வண்ணமொன்று மயிரிழை விலகினாலும் படம் மங்கிவிடும். விமானிகள் பயிலும் 'இ-6பி' என்னும் சுழல்தட்டுக் கணிப்பானுக்கும் நுண்கோடுகளே உயிர். 1930களில் அமெரிக்கக் கடற்படையின் பிலிப் டால்டன் உருவாக்கிய இதற்கு மின்கலம் வேண்டா. தட்டைச் சுழற்றினால் காலம், தொலைவு, எரிபொருள் அளவு ஆகியன புலப்படும்.

விருதுநகர் மண்ணிலிருந்து வானேற விழையும் மாணவர் இதனை வாங்குகையில் விலையை மட்டும் நோக்கலாகாது. அட்டை ஈரத்தில் நைந்துபோகும். நெகிழி கரிசல் வெயிலில் வளையக்கூடும். உலோகம் நெடுநாள் உழைக்கும். கோடுகள் தெளிவாக இருத்தலும் தட்டு சீராகச் சுழலுதலும் இன்றியமையாதன.

எனினும், எக்கருவியும் முழுவிடை தருவதில்லை. மணிக்கு 120 கடல் மைல் வேகத்தில் 40 நிமிடம் பறந்தால் கடக்கும் தொலைவு 80 கடல் மைல். தட்டிலுள்ள குறியோ 8, 80, 800 என எதுவாகவும் கொள்ளப்படலாம். சரியானதை மனக்கணக்கே தெரிந்துரைக்கும். எரிபொருட் கணக்கு பொய்த்தபின் வானில் நின்று திருத்த இயலாது.