மேலே ஒரு கேரியர்

பெரிய முடிவுகள் எல்லாம் பெரிய மனிதர்கள் கூடும் பெரிய இடங்களில்தான் எடுக்கப்படுகின்றன என்று நான் எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டில் சென்ற ஆண்டு எடுக்கப்பட்ட பெரிய முடிவோ, வேப்பமரத்தடியில் நின்ற ஒரு பழைய ஜீப்பின் கூரையைப் பற்றியது. அதன் மேல் ஒரு கேரியர் பொருத்துவதா, வேண்டாமா? இதுதான் கேள்வி. பதினைந்து நாள் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. மலைக்கு அப்பால் கேரளத்து ஏலத்தோட்டங்கள். கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை முந்தலில் மலையேறத் தொடங்கிப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. நாள்தோறும் விடியுமுன்னே ஜீப்புகள் வரிசையாக இந்தச் சாலையில் ஏறும். அவற்றின் உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஏலக்காய் எடுக்கவும், களை எடுக்கவும் போகிறவர்கள். அந்த ஜீப்புகளில் ஒன்றுதான் என் தந்தையாருடையது. மெட்டு வரைக்கும் தார்ச்சாலை. அதற்கு அப்பால் சாலையை விட்டு இறங்கினால் தோட்டத்துக்குள் கல்லும் சேறுமான பாதை. நான்கு சக்கரமும் இழுத்தால்தான் வண்டி நகரும்.

கேரியர் வேண்டும் என்று முதலில் கேட்டது அப்பா அல்லர். வண்டியில் வரும் பெண்கள். தூக்குவாளி, மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாள், மாற்றுச் சேலை வைத்த பை என்று ஆளுக்கொரு சுமை. எல்லாம் காலடியில்தான். "கால வைக்க எடமில்லண்ணே. எறங்கும்போது காலு மரத்துப் போயிருது. மேல ஒரு கேரியர் போட்டா என்னா?" என்று அவர்கள் கேட்டார்கள். அவர்களுள் என் பெரியம்மாவும் ஒருவர். இருபது ஆண்டுகளாக மலை ஏறி இறங்கும் அவருடைய முழங்கால்களுக்காகவே நானும் கேரியர் கட்சியில் சேர்ந்தேன்.

அப்பாவுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. மாலையில் திரும்பும்போது, காய வைத்த ஏலக்காய் மூட்டை இரண்டை மேலே போட்டுக்கொண்டு வந்தால் தனி வாடகை கிடைக்கும். பட்டறைக்காரர் பதினான்காயிரம் ரூபாய் கேட்டார். கூரையின் ஓரத்து விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கால்கள், குழாய்ச் சட்டம், பின்புறம் ஏறுவதற்கு ஓர் ஏணி. "ரெண்டு மாசத்துல போட்ட காசு வந்துரும்" என்றார். யாருக்கும் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

அப்பொழுதுதான் நான் படித்த பாடம் குறுக்கே வந்தது. ஒரு பொருளின் ஈர்ப்பு மையம் உயர உயர, அதன் நிலைப்புத்தன்மை குறையும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அதை ஜீப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஓட்டுநரோடு சேர்த்து ஜீப்பின் எடை 1,500 கிலோ என்றும், அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொண்டேன். கேரியர் 40 கிலோ, இரண்டு மூட்டை 100 கிலோ, பைகளும் வாளிகளும் 10 கிலோ. ஆக 150 கிலோ, 200 செ.மீ. உயரத்தில். இரண்டையும் சேர்த்தால் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 82 செ.மீ. உயரத்துக்குப் போகிறது. வண்டியின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் மேலே ஏறியது; மையமோ 12 செ.மீ. உயர்ந்துவிட்டது! இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 130 செ.மீ. என்று கொண்டால், நின்ற நிலையில் 43 பாகை வரை சாய்ந்து தாங்கக்கூடிய வண்டி, இப்பொழுது 38½ பாகையிலேயே கவிழ்ந்துவிடும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வெளிப்புறமாகத் தள்ளும் விசையும் சாய்வு செய்யும் வேலையைத்தான் செய்கிறது. வில்கள் அமுங்குவதையும் சேர்த்தால் உண்மை அளவு இதைவிடக் குறையும்.

பெருமையோடு அந்தத் தாளை எங்கள் இயற்பியல் விரிவுரையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார். கூட்டல், பெருக்கல் எல்லாவற்றையும் சரிபார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"இதுல ஆளுங்க எங்கப்பா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. மூட்டையை எடை போட்டேன், வாளியை எடை போட்டேன், பெரியம்மாவை மறந்துவிட்டேன்!

திரும்பவும் உட்கார்ந்தேன். எங்கள் ஜீப்பில் பன்னிரண்டு பேர் ஏறுவார்கள். பதிவுச் சான்றில் உள்ள எண்ணிக்கையைவிட அது அதிகம் என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆளுக்கு 50 கிலோ என்றால் 600 கிலோ. உட்கார்ந்திருப்பவர்களின் எடை 110 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டேன். கேரியரே இல்லாமல் ஈர்ப்பு மையம் 81 செ.மீ.க்கு வந்துவிட்டது! கேரியர் செய்யும் தீங்கை ஆட்களின் நெரிசல் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 89 செ.மீ.; தாங்கும் சாய்வு 36 பாகை. வண்டிக்குள் 600 கிலோ செய்வதைக் கூரை மேல் 150 கிலோ செய்துவிடுகிறது என்பது முதற்பாடம். கூரையை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது என்பது இரண்டாம் பாடம்.

அன்றிரவு தாளை அப்பாவிடம் நீட்டினேன். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எண்களை அவர் பார்க்கவில்லை; என் முகத்தைப் பார்த்தார்.

"கேரியர் வேணாங்குற. சரி. ஆளையும் கொறைக்கச் சொல்றியா?"

நான் தலையசைத்தேன்.

"ஒன் பரீச்ச ஃபீசு, புத்தகம், சட்ட எல்லாம் அந்தப் பன்னெண்டு பேருக்குள்ளதான் இருக்கு, தம்பி."

அதற்கு என்னிடம் விடையில்லை. எந்தச் சூத்திரத்திலும் அதற்கு இடமில்லை. நான் வாங்கும் மதிப்பெண்களும் அந்த ஜீப்பின் எடையில் சேர்த்திதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அவரே நெடுநேரம் கழித்துப் பேசினார். "கணக்கு எனக்குத் தெரியாது. ஒன்னு தெரியும். எடம் இருந்தா சொம வரும். மொத நாளு பை வப்பாங்க. மறுநாளு மூட்ட. விசேச நாள்ல, ரெண்டு பயலுக மேல ஏறி உக்காந்துக்குவாய்ங்க. எறங்குடான்னு சொன்னா, எடந்தான் இருக்கேன்னு கேப்பாய்ங்க." கூரை மேல் ஆள் ஏறிச் செல்வதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆம் பிரிவு தடை செய்கிறது. அந்தச் சட்டத்தை அப்பா படித்ததில்லை, மனிதர்களைப் படித்திருந்தார். மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை 'வலியறிதல்' அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தது வண்டிக்காரர்களுக்காக மட்டும் அன்று என்பதும் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

முடிவு இப்படி ஆயிற்று. கேரியர் இல்லை. பதினான்காயிரத்தில் பின்சக்கரங்களுக்குப் புதிய டயர்களும் பிரேக் வேலையும். பன்னிரண்டு பேர் பத்தாகக் குறைந்தார்கள். பத்தும் மிகுதிதான், ஆயினும் எங்கள் வீட்டு வருவாய் தாங்கக்கூடியது அவ்வளவே. காலடியில் பைகளுக்குக் கொஞ்சம் இடமும் கிடைத்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை நான் வெற்றிக் கட்டுரையாக எழுதியிருப்பேன். குறைக்க வேண்டிய இருவர் யார் என்ற கேள்வி எழுந்தது. வெளியாரை இறக்கிவிட்டுச் சொந்தக்காரரை ஏற்றினால் ஊர் பேசும் என்று அப்பா எண்ணினார். இறங்கியவர்களில் ஒருவர் பெரியம்மா.

இப்பொழுது அவர் வேறொரு ஜீப்பில் போகிறார். விடியற்காலையில் அந்த ஜீப் எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும்போது பார்க்கிறேன். உள்ளே பதினான்கு பேர். கூரை மேல் கேரியர். அதில் நிறைய மூட்டைகள். பெரியம்மா தூக்குவாளியை மேலே கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொள்கிறார்.

ஒருநாள் மனம் பொறுக்காமல், "அந்த வண்டி வேணாம் பெரியம்மா" என்றேன். அவர் சிரித்தார். "எல்லா வண்டியும் ஒரே மலையிலதானடா ஏறுது. ஒன் கணக்க எல்லாருக்கும் போட்டுக் காட்டு."

ஆகவே மாணவ நண்பர்களே, பாடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். நம்மில் பலர் இங்கே வந்து சேர்வதும் நிறைந்து வழியும் வண்டிகளில்தான். ஒரு ஜீப்பின் பாரத்தைக் குறைத்ததில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. குறைந்த பாரம் அடுத்த ஜீப்பில் ஏறிவிட்டது என்ற வருத்தமும் உண்டு. அந்தத் தாள் இன்னும் என் இயற்பியல் நோட்டுக்குள்ளேதான் இருக்கிறது. வரும் விடுமுறையில் ஜீப் நிற்கும் இடத்துக்கு அதை எடுத்துப் போவதாக இருக்கிறேன்.