40 வீத மழை

கோடை வந்தால் எங்கட வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் ஒரு வழக்கு இருக்கும். "உன்ர போன் 40 வீதம் எண்டது. ரோட்டைப் பார், ஆறா ஓடுது. எங்கட அப்பு முகிலைப் பார்த்தே சொல்லிப்போடுவார்" என்பார்.

நான் மென்பொருள் எழுதுபவன். வானிலை என் துறை இல்லை. ஆனால் மகள் இந்தக் கோடையில் ரொறொன்ரோவில் ஓர் ஓடைக்கரைப் பூங்காவில் பகல் முகாமுக்குப் போகிறாள். அம்மா எங்கள் பேஸ்மென்டில் இருக்கிறார். ஆகவே அந்த 40 எனக்கு விளங்கியே ஆகவேண்டும்.

கனடிய வானிலைத் துறையின் கணக்கில் அது, உங்கள் இடத்தில் குறைந்தது 0.2 மில்லிமீட்டர் மழை விழுவதற்கான வாய்ப்பு. அவ்வளவுதான். எவ்வளவு கொட்டும் என்று அது சொல்லவே இல்லை. 2024 ஜூலை 16 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 97.8 மி.மீ. பெய்தது, டொன் வாலி பார்க்வே மூழ்கியது. 2013 ஜூலை 8 அன்று அதே இடத்தில் 126 மி.மீ. அன்று டொன் பள்ளத்தாக்கில் வெள்ளத்தில் நின்றுபோன கோ ரயிலிலிருந்து ஆட்களைப் படகில் இறக்கினார்கள்.

பனிப்புயலை இரண்டு நாள் முன்பே சொல்கிறார்களே, இது மட்டும் ஏன் கஷ்டம்? பனிப்புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமானது. கோடை இடிமுகில் ஒன்று பலவேளைகளில் 10 கிலோமீட்டர்கூட வராது. ஒரு மணித்தியாலத்துக்குள் பிறந்து செத்தும் போகும். கனடாவின் நுண்ணிய கணினி மாதிரி நிலத்தை 2.5 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. ஒரு முகிலின் அகலத்துக்கு நாலு கட்டம்! சின்னப் படத்தைப் பெருப்பித்தால் முகம் கலங்குமே, அதே கதைதான். காற்றில் ஈரம் நிறைய இருக்கு, பின்னேரம் எங்கேயோ கொட்டும் என்பதை மாதிரி பெரும்பாலும் பிடித்துவிடும். ஸ்காபரோவிலா மிசிசாகாவிலா என்பதில்தான் தடுமாறும்.

ஒரு முகில் வந்து போனால் பெரிய வில்லங்கம் இல்லை. ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடத்தால் வந்தால்தான் வினை. சீமெந்தும் தாருமான நகரத்தில் தண்ணி நிலத்துக்குள் இறங்காது, நேரே ஓடைக்குத்தான் ஓடும்.

அதனால் நான் இப்போது வீதத்தைப் பார்ப்பதில்லை. காலமை மழை எச்சரிக்கை இருக்கா என்று பார்ப்பேன். மத்தியானத்துக்குப் பிறகு ராடார். ஆறு நிமிடத்துக்கு ஒரு படம் வரும். சிவப்பு நகர்ந்து போகுதா, அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகுதா என்பதுதான் கேள்வி. பேஸ்மென்டுக்குக் கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு போட்டாச்சு. மாநகரசபை அதற்கு உதவித்தொகையும் தருகிறது, விசாரித்துப் பாருங்கள்.

மிச்சம் முகாம்தான். "எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளை எங்க கொண்டுபோவீங்கள், ஆர் முடிவெடுக்கிறது?" என்று கேட்டேன். பொறுப்பாக இருந்த தமிழ்ப் பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாளைக்குச் சொல்லுறன் அண்ணா" என்றாள். அடுத்தநாள் என்னைக் கூட்டிக்கொண்டு, மேட்டில் இருக்கிற சமூக நிலையம்வரை நடந்து காட்டினாள். ஏழு நிமிடம் எடுத்தது. சின்னப் பிள்ளைகளோடு பத்து என்று வைத்துக்கொண்டோம்.