மருந்தெழுதும் கை

எம் இல்லத்துச் சமையலறை மாடத்தில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது. உப்புக்கும் புளிக்கும் அடுத்த இடம் அதற்குத்தான். அதனுள் பாதி கிழிந்த மாத்திரை அட்டைகள், மூடி இறுகிப்போன இருமல் மருந்துக் குப்பி, மடிப்புகளில் நைந்துபோன மருந்துச் சீட்டு ஒன்று. இதை வாசிக்கும் அன்பர்களின் வீட்டிலும் இத்தகைய டப்பா ஒன்று இருக்கக்கூடும். ஆதலின் எம் வீட்டு டப்பாவின் கதையைச் சொல்ல முற்படுகிறோம்.

எம் உம்மா பழவேற்காட்டில் பிறந்தவர். தரையில் அமர்ந்து பனையோலை முடைந்தே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். அந்த உழைப்பு முதுமையில் முழங்கால் வலியாக வந்து நின்றது. எம் பணியின் பொருட்டுக் கும்மிடிப்பூண்டிக்குக் குடிபெயர்ந்தபின் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் ஐந்து நாளைக்கு வலி மாத்திரை எழுதினார். ஐந்து நாளில் வலி அடங்கிற்று. மாத்திரை தீர்ந்ததும் மீண்டும் தலைகாட்டிற்று. மறுபடியும் மருத்துவரிடம் போவானேன்? சீட்டுத்தான் கையில் இருக்கிறதே! தொழிற்சாலையிலிருந்து திரும்பும் வழியில் மருந்துக் கடையில் அதை நீட்டினோம்; மாத்திரை வந்தது. சில மாதங்களில் சீட்டும் வேண்டாததாயிற்று. காலி அட்டையைக் காட்டினாலே போதுமென்றாயிற்று. ஐந்து நாளைக்கு எழுதிய மருந்தை உம்மா நான்கு ஆண்டுகள் உட்கொண்டார். யாருக்கு, எத்தனை நாளாக என்று கடையில் நின்ற இளைஞர் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் கேட்காதது இருக்கட்டும். நாலெழுத்துப் படித்து, தொழிற்சாலையில் கணக்கெழுதும் யாமும் எம்மை ஒருமுறையேனும் கேட்டுக்கொண்டோமில்லை.

கும்மிடிப்பூண்டியின் வாழ்க்கையை அறிந்தவர்கள் இதில் வியப்படைய மாட்டார்கள். சிப்காட் வளாகத்தின் இரும்பு உருக்காலைகளிலும் ஏனைய ஆலைகளிலும் பகலென்றும் இரவென்றும் இல்லாமல் முறை மாறிமாறி வேலை நடக்கிறது. நம்மவர்களோடு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தோளுரசி உழைக்கிறார்கள். மருத்துவரைக் காணக் காலைநேரத்தில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. மருந்துக் கடையோ இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கிறது. “காய்ச்சலுக்கு ஒரு செட்டு குடுங்கண்ணே” என்றால் மூன்று நான்கு நிறங்களில் மாத்திரைகளைக் கத்தரித்து ஒரு காகித உறையில் இட்டுத் தருகிறார்கள். அவற்றுள் எது காய்ச்சலுக்கு, எது கிருமிக்கு, எது ஸ்டீராய்டு என்பதை வாங்குபவர் அறியார். பல வேளைகளில் கொடுப்பவரும் அறியார். நம் ஊர்களில் மருத்துவருக்குப் பஞ்சம் உண்டு. மருந்து சொல்வோருக்குப் பஞ்சமே இல்லை.

எம் டப்பாவைத் திறந்து பார்த்தவர் ஒரு செவிலியர். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ எம் தெருவுக்கும் வந்தது. தன்னார்வலராகிய பெண்ணொருவர் வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து, மருத்துவர் முன்னரே எழுதிய மாத்திரைகளைத் தந்து செல்வார். உம்மாவுக்கு எத்தனை மாத்திரை கொடுத்தும் அழுத்தம் இறங்கவில்லை. இதனை அவர் சொல்லக் கேட்டு, துணை சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருநாள் நேரில் வந்தார்.

“வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?”

“ஒண்ணுமில்ல மகளே. கால்வலிக்கு மட்டும்தான்.”

“அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க.”

டப்பா வந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்த அவர் முகம் மாறிற்று. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நீண்டநாள் உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஏறும். அழுத்தத்துக்கான மருந்தின் வேலையை அவை கெடுக்கும். சிறுநீரகத்தையும் அரிக்கும் என்பதை எமக்கு விளங்கும்படி எடுத்துச் சொன்னார். “இன்னிக்கே நிறுத்திடுங்க. நாளைக்கே பெரிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க சார்” என்றார். “அதுவரை வலிக்கு என்ன கொடுப்பது? நீங்களே ஒன்று எழுதிக் கொடுங்களேன்” என்று கேட்டோம். அவர் தயங்கினார். “எனக்குத் தெரியும் சார். ஆனா நான் எழுதக்கூடாது” என்றார்.

மறுநாள் சென்னை சென்றோம். இரத்தத்தில் கிரியாட்டினின் உயர்ந்திருந்தது. சிறுநீரகங்களின் ஆற்றல் குறைந்துவிட்டதென்றும், இழந்தது முழுமையாகத் திரும்புமென்று எதிர்பார்க்க இயலாதென்றும், எஞ்சியதைக் காப்பதே இனி வேலையென்றும் மருத்துவர் கூறினார். திரும்பிவரும் ரயிலில் உம்மா உறங்கிவிட்டார். எமக்கு உறக்கம் வரவில்லை. அந்தச் செவிலியரின் சொல்லே செவியில் நின்றது. அறியாத கை தடையின்றி மருந்து நீட்டுகிறது. அறிந்த கை கட்டுண்டு கிடக்கிறது. இது எவ்வாறு நேர்ந்தது?

சட்டம் இல்லாமையால் நேர்ந்ததன்று. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளின்படி, எழுதியவர் அனுமதி குறித்தாலன்றி ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து வழங்கலாம். சீட்டுக்குரிய மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநரே வழங்க வேண்டுமென்கிறது 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம். எம் உம்மாவின் நான்கு ஆண்டுகளும் இவ்விரண்டையும் மீறிய ஆண்டுகளே. மீறியவர்களுள் யாமும் ஒருவர்.

மருத்துவப் பட்டம் பெறாதார் மருந்தெழுதுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. வெள்ளையர் காலத்தில் எல்.எம்.பி. என்னும் உரிமம் பெற்றவர்கள் பட்டதாரிகளைவிடக் குறைந்த காலம் பயின்று ஊர்ப்புறங்களில் மருத்துவம் பார்த்தார்கள். எண்ணிக்கையில் பட்டதாரிகளைவிட அவர்களே மிகுதி. நாடு முழுமைக்கும் ஒரே தரமுள்ள மருத்துவர் வேண்டுமென்று 1946-இல் போர் குழு பரிந்துரைத்தது. பின்னர் அவ்வகுப்பு மறைந்தது. கடலுக்கு அப்பால் இலங்கையிலோ, தமிழர்கள் ‘அப்போதிக்கரி’ என்றழைத்த உதவி மருத்துவர்கள் சிற்றூர் மருந்தகங்களை நெடுங்காலம் தாங்கி நின்றார்கள்.

அண்மையில் இந்தக் கேள்வி மீண்டும் எழுந்திருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பில் ஊரக மருத்துவரை உருவாக்க அஸ்ஸாம் 2004-இல் ஒரு சட்டம் இயற்றியது. மருத்துவக் கல்வியின் தரம் மைய அரசின் சட்டத்துக்குரியதென்று கூறி 2014-இல் கௌஹாத்தி உயர்நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதனையே உறுதிசெய்தது. 2019-இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமோ, தன் 32-ஆம் பிரிவில், சமுதாயச் சுகாதாரப் பணியாளர்க்கு வரையறுக்கப்பட்ட உரிமம் அளிக்க இடந்தந்தது. முதல்நிலைச் சிகிச்சையிலும் நோய்த்தடுப்பிலும் குறித்த சில மருந்துகளை மட்டும் அவர்கள் தாமாக எழுதலாம். ஏனையவற்றுக்கு மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். நாடெங்கும் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்து இதனை எதிர்த்தார்கள்.

அவர்களின் எதிர்ப்பைத் தொழிற்பொறாமை என்று ஒதுக்கிவிட எமக்கு மனமில்லை. செல்வனுக்கு முழு மருத்துவர், ஏழைக்கு அரை மருத்துவர் என்றாகிவிடாதா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் கும்மிடிப்பூண்டியில் இரவு பத்து மணிக்கு ஏழைக்குக் கிடைப்பது அரை மருத்துவரல்லர். கத்தரிக்கோலோடு நிற்கும் கடைப்பையன். ஒப்பிடுவதானால் அவனோடல்லவா ஒப்பிட வேண்டும்?

இவ்விடத்தில் நம் முன்னோரின் வரலாறு எமக்கு நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 319-இல், அதாவது கி.பி. 931-இல், பக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவறால் ஒரு மனிதர் இறந்தார். செய்தி கலீஃபா அல் முக்ததிருக்கு எட்டியது. தேர்வில் தேறாத எவரும் இனி மருத்துவம் பார்த்தலாகாதென்று ஆணையிட்டு, தேர்வாளராக ஸினான் இப்னு தாபித்தை அமர்த்தினார் அவர். நகரில் எண்ணூற்றறுபதுக்கு மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தார்களாம். அவர்களுள் ஒருவரைப் பற்றி இப்னுல் கிஃப்தீ தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். நல்லுடை உடுத்த, கண்ணியமான தோற்றமுடைய முதியவர் அவர். ஸினான் அவரைப் பெரிதும் மதித்து, ஏதேனும் அறிவுரை பகர்வாரென்று காத்திருந்தார். முதியவரோ பொற்காசுகளை எடுத்து முன்னே வைத்துவிட்டு, தமக்கு எழுதப்படிக்கச் சரிவரத் தெரியாதென்றும், குடும்பம் இத்தொழிலால்தான் பிழைக்கிறதென்றும், அதனைத் தடுத்துவிட வேண்டாமென்றும் வேண்டினார். ஸினான் நகைத்துவிட்டு ஒரு நிபந்தனையோடு இசைந்தார். அறியாத நோயில் கைவைக்கலாகாது. எளிய நோய்களுக்கன்றி இரத்தம் வாங்கவோ பேதிமருந்து கொடுக்கவோ கூடாது. முதியவர் மகிழ்ந்து, தம் வாழ்நாள் முழுதும் தேனும் காடியும் கலந்த ஸிகன்ஜபீனையும் ஜுலாப் என்னும் இனிப்புச் சாற்றையும் தாண்டித் தாம் எதையும் கொடுத்ததில்லை என்றாராம்.

வேடிக்கையாகச் சொல்லப்படும் இந்நிகழ்ச்சியில் ஒரு பெரிய நெறி அடங்கியிருக்கிறது. எழுதும் உரிமைக்கு எல்லை உண்டு. அந்த எல்லையை இடுவது அறிவின் அளவு. மருத்துவம் அறியாதவன் மருத்துவம் செய்து தீங்கு விளைத்தால் அதற்கு அவனே பொறுப்பாளி என்னும் கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாக்கொன்றும் உண்டு. மருந்தெழுதுவது ஓர் அமானிதம். அதற்குரிய அறிவைப் பெற்றவரிடமே அதனை ஒப்படைக்க வேண்டும். பெற்றவரிடம் ஒப்படைக்கத் தயங்கவும் கூடாது.

இந்த நெறி இக்காலத்திலும் நடைமுறையில் இருக்கிறது. இல்லந்தோறும் சென்று பணிபுரியும் செவிலியர் சில மருந்துகளை எழுதலாமென்று பிரிட்டனில் 1986-இல் ஒரு குழு பரிந்துரைத்தது. 1992-இல் சட்டம் வந்தது. 1994-இல் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கினார்கள். படிப்படியாக விரிந்து, 2006-இல் தகுதிபெற்ற செவிலியரும் மருந்தாளுநரும் ஏறத்தாழ எல்லா மருந்துகளையும் தாமே எழுதும் நிலை பிறந்தது. எண்ணிப் பாருங்கள்: முதற்பரிந்துரைக்கும் முழு உரிமைக்கும் இடையே இருபது ஆண்டுகள். பணியில் தேர்ந்தவர்க்கே அப்பயிற்சி. மருந்தாளுநர்க்கென வகுத்த பாடத்தில் 26 நாள் கல்வியும், மருத்துவரின் கண்காணிப்பில் 90 மணி நேரப் பயிற்சியும் இருந்தன. நோயாளியிடம் என்ன கேட்பது, சிறுநீரகமும் கல்லீரலும் தாங்குமா, ஒரு மருந்து மற்றொன்றோடு மோதுமா, எப்போது நிறுத்துவது, எப்போது மேலே அனுப்புவது என்பனவே பாடத்தின் உயிர். தேறியபின் பதிவேட்டில் பெயருக்கு எதிரே அத்தகுதி குறிக்கப்படும். தம் அறிவெல்லைக்கு வெளியே எழுதக்கூடாது. எழுதுகிறவரும் விற்கிறவரும் இயன்றவரை வேறுவேறாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி நம் ஊருக்கு மிகவும் வேண்டியது. இலாபம் பார்க்கும் கையில் எழுதுகோலையும் கொடுத்தால் டப்பாக்கள் இன்னும் நிரம்புமேயன்றிக் குறையமாட்டா.

இவற்றையெல்லாம் கற்பிக்க நம்மிடம் இடமில்லையா? இதே திருவள்ளூர் மாவட்டத்துப் பூவிருந்தவல்லியில் பொதுச் சுகாதார நிறுவனம் இருக்கிறது. சுகாதாரப் பணியாளர்களுக்கு அங்கே பயிற்சி தரப்படுகிறது. துணை சுகாதார நிலையங்களில் பட்டமும் பட்டயமும் பெற்ற செவிலியர் இருக்கிறார்கள். மருந்தியலில் முனைவர் நிலைப் படிப்பாகிய ‘பார்ம் டி’ 2008 முதல் நம் நாட்டில் இருக்கிறது. அழுத்தம், சர்க்கரை, சளி, வயிற்றுப்போக்கு, மூட்டுவலி ஆகிய சிலவற்றுக்குக் குறித்த மருந்துகள். எழுதியதையெல்லாம் பதியும் ஏடு. மாதந்தோறும் அதைப் பார்வையிடும் மருத்துவர். ஐயமெனில் மேலே அனுப்பும் கட்டாயம். இவ்வளவு இருந்தால் எம் வீட்டுக்கு வந்த செவிலியர், “எனக்குத் தெரியும், ஆனால் எழுதக்கூடாது” என்று தலைகுனிந்து நிற்க நேராது.

நம் சமுதாயத்துக்கு உரியதாக ஒன்று சொல்லி முடிக்கிறோம். பெண்பிள்ளை செவிலியர் கல்வி பயில விரும்பினால், “நர்ஸ் வேலையா? இரவு வேலையாச்சே!” என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே இன்னும் உண்டு. யாமும் அவ்வாறு முகஞ்சுளித்தவரே. எம் தங்கை மகள் அப்படிப்பைக் கேட்டபோது வேண்டாமென்று தடுத்தவர்களுள் எம் குரலும் ஒன்று. அகழ்ப்போரில் புண்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்திலன்றோ வைத்துப் பேணப்பட்டார்கள்! அதை மீலாது மேடைகளில் பெருமையாகப் பேசிவிட்டு, வீட்டில் வேறு பேசினோம். எம் உம்மாவின் எஞ்சிய உடல்நலத்தைக் காத்தவர் எவர் வீட்டு மகளோ! அவரைத் தடுக்காத அந்தப் பெற்றோருக்கு எம் துஆ என்றும் உண்டு.

உம்மா இன்றும் இருக்கிறார். உப்பைக் குறைத்து உண்கிறார். மூன்று மாதத்துக்கொருமுறை இரத்தம் சோதித்துக்கொள்கிறார். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடமும், செவிலியர் கற்றுத்தந்த பயிற்சியும். டப்பா அதே மாடத்தில்தான் இருக்கிறது. அதன் மூடியின் உட்புறம், எந்த மாத்திரை, எதற்கு, எந்நாள் வரை என்று எழுதி ஒட்டிய தாள் ஒன்று உண்டு. வாரந்தோறும் அதை யாம் வாசித்துக்காட்ட, உம்மா அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்க்கிறார். உங்கள் வீட்டு டப்பாவையும் இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். அறிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நற்சுகத்தை அருள்வானாக.