ஓசையை விசாரித்த கதை

மனிதனுக்குக் காது இரண்டு உளவெனினும், அச்சம் புகுந்தவிடத்து இரண்டும் செவிடாகிவிடுகின்றன. இதனை நாம் ஏட்டில் கற்றோமல்லோம். நமது மோட்டார் வண்டியே கற்பித்தது.

நம் அன்னையாரை வாரம் மும்முறை சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவிற்கு இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்கிறோம். அதற்கென நம்மிடம் உள்ளது 14 வயதான வண்டி ஒன்றே. ஒருநாள் விடியலில் அதனை முடுக்கியதும் எஞ்சினிலிருந்து ‘டக், டக்’ என்றோர் ஓசை எழுந்தது. எஞ்சின் தொலைந்தது, இனி அன்னையார் கதி யாது என்று நம் மனம் காததூரம் ஓடிற்று. பட்டறைக்காரர் ஒருவருக்குத் தொலைபேசியிலேயே ஓசையைக் கேட்பித்தோம். வண்டியைக் காணாமலே அவர், “எஞ்சினை இறக்கவேண்டும், 4,000 வெள்ளி ஆகும்” என்று தீர்ப்பளித்தார். நம் கையில் அதிற் பாதியுமில்லை. வண்டியைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிடவும் துணிந்தோம்.

ஆயினும் அன்றைய சிகிச்சை காத்திராதன்றோ? எண்ணெய் விளக்கு அணைந்திருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு மெல்லப் புறப்பட்டோம். செம்மோரைக் கடந்தபின் அன்னையார், “ஏன் ஐயா, அந்தச் சத்தத்தைக் காணோமே?” என்றார். ரப்பர்த் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர், எழுத்தறியார். அவர் கேட்ட கேள்வி நமக்கோ, பட்டறைக்காரருக்கோ தோன்றவில்லை!

அதன்பின்னரே ஓசையை விசாரிக்கலானோம். குளிர்ந்திருக்கையில் எழுகிறது, சூடேறினால் அடங்குகிறது. வண்டி நின்றிருப்பினும் கேட்கிறது. ஆதலின் சக்கரத்தைச் சேர்ந்ததன்று. எஞ்சினின் அடித்தாங்கிகள் தேய்ந்து எழும் இடியோசை கனத்தது. எண்ணெய் சூட்டில் இளகியபின் பெரும்பாலும் மிகும், மேடேறுகையில் உரக்கும். அத்தகைய ஓசை கேட்பினும், எண்ணெய் விளக்கு எரியினும் ஆராய்ச்சிக்கு இடமில்லை. அக்கணமே எஞ்சினை நிறுத்திவிடல் வேண்டும். நமதோ மெல்லிய தட்டல். அளவுகோலை உருவிப் பார்த்தோம், எண்ணெயும் குறையவில்லை. (சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்குமாறு அண்டைவீட்டார் அருளினார். பழம் பானகத்துக்கு உதவிற்று.)

வேறொரு பட்டறையில் வண்டியை முதல்நாள் மாலையே விட்டு, மறுநாட் காலை குளிர்ந்தபடியே முடுக்கிக் கேட்கச் செய்தோம். பட்டறையார் விளக்கைப் பிடித்துப் பார்த்து, புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் மூட்டிற் படிந்திருந்த கரியைக் காட்டினார். கேஸ்கெட் எரிந்துபோயிருந்தது. குளிரில் சுருங்கிய இரும்பு இடைவெளி விட, புகை அதன்வழிச் சீறித் தட்டிற்று; சூட்டில் இரும்பு விரிந்து அவ்விடைவெளியை அடைத்தது. இதுவும் அசட்டைக்குரியதன்று, அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகின் உயிர்க்கே கேடாம். கூலியும் சாமானும் சேர்த்து 180 வெள்ளி.

அடுத்த பயணத்தில் அன்னையார் செவியைத் தீட்டிக்கொண்டே வந்தார். செம்மோர் நெருங்குகையில், “ஐயா, பின்னால் ஏதோ கிலுகிலு என்கிறதே?” என்றார். நிறுத்திப் பார்த்தோம். அவருடைய தூக்குச்சட்டியின் பிடி!